உன் அம்மா பாஸான பரீட்சை

அன்புள்ள கண்ணு,

இன்று காலை ஏழே கால் மணிக்கு, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள சுவரின் முன் நின்று, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, தினசரி நாள்காட்டியின் தாளை இந்த வாரம் கிழிப்பதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு உடனடியாக அமலுக்கு வந்தது. இந்த வீட்டின் மற்றோர் உறுப்பினரான உன் அம்மா அதை ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை; கையிலிருந்த மிளகுக் கொத்தை உதிர்ப்பதில் கவனமாக இருந்தாள். நாற்பது ஆண்டுகளாக அந்தத் தாளை ஒரு நாளும் தவறாமல் கிழித்து வந்தவன் நான். எங்கள் கல்யாணத்தன்று கிழித்தேன். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் முதலில் தாளைக் கிழித்துவிட்டு, அதன் பிறகுதான் உனக்குத் தொட்டில் கட்டக் கயிறு தேடினேன். அப்படிப்பட்டவன் வீட்டுச் சுவரில் இப்போது நேற்றைய ஞாயிற்றுக்கிழமை தொங்குகிறது. இந்த மலையின் வளப்பூர் நாட்டில் இதனால் எந்தப் பதற்றமும் ஏற்படவில்லை.

துணை நடவடிக்கைகளும் எடுக்கப்பட்டுள்ளன. மதிய பஸ்ஸில் வரும் செய்தித்தாளை இந்த வாரம் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செம்மேட்டுச் சந்தைக்கும் போவதில்லை. டிவியை எப்போதோ நிறுத்தியாயிற்று. செய்தி வாசிக்கும் பெண்ணுக்கு உன் அம்மா பதில் சொல்லத் தொடங்கினாள், அந்தப் பெண் காதில் வாங்காமல் வாசித்துக்கொண்டே போனதில் மனத்தாங்கல் ஆகிவிட்டது. என் கைபேசிக்கு முகப்பிலேயே நாளும் கிழமையும் காட்டும் பழக்கம் இருப்பதால் அதைச் செல்லம்மாளிடம் ஒப்படைத்தேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து காலையில் வந்து உன் அம்மாவைக் குளிப்பாட்டி, தலைசீவி, பகலெல்லாம் கூட இருக்கும் செல்லம்மாளுக்கு எதையும் காரணம் கேட்காமல் செய்து பழக்கமில்லை.

"என்ன கெழமைன்னு நானே கேட்டாலும் சொல்லாதே."

"ஏனுங்க சார், அம்மா மறக்கறது பத்தலைன்னு நீங்களும் கூடச் சேந்துக்கறீங்களா?"

"பரீட்சை இருக்குது."

"ரிட்டேர்டு ஆயிப் பத்து வருசம் ஆச்சு, இன்னும் யாருக்குங்க பரீட்சை வெக்கறீங்க?"

"வெக்கலை. நானே எழுதறேன்."

"அப்ப படிக்கோணுமுங்க. கண்ணை மூடிக்கிட்டு உக்காந்தா பாஸாவுமா?"

படிக்கக் கூடாது என்பதுதான் விஷயம். வரும் வியாழக்கிழமை நாமக்கல்லில் மூளை நரம்பு மருத்துவரைப் பார்க்க எனக்கு நேரம் குறித்திருக்கிறது. எனக்குத்தான், உன் அம்மாவுக்கு இல்லை. நேற்று நீ கோயம்புத்தூரிலிருந்து பேசியபோது இதைச் சொல்லவில்லை. மலையில் பனி எப்படி என்று கேட்டாய், பனியைப் பற்றிச் சொன்னேன். அந்த மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி இன்று என்ன கிழமை என்பது. அவர் கேட்கும் மற்ற கேள்விகளும் எனக்கு வரிசையாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். மூன்று ஆண்டுகளாகச் சொல்லவில்லை. வியாழக்கிழமைக்குப் பிறகு நான் சொல்வதை நீ எவ்வளவு நம்பலாம் என்பதே கேள்விக்குரியதாகிவிடக்கூடும் என்பதால் இப்போதே எழுதுகிறேன். முடிவு தெரிந்ததும் கடைசியில் அதையும் எழுதித் தபாலில் சேர்ப்பேன். திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று பகலை எண்ணிக் கடக்க ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியருக்கு நாள்காட்டி தேவையில்லை.

நான் ஏன் போகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலைப்பாதையில் குப்பை கொட்டுவதைப் பற்றிப் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். அந்த அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்து, "ஐயா, போன வாரமும் இதையே அனுப்பியிருந்தீங்க" என்றார். இரண்டாவது இன்னும் நன்றாக இருப்பதாக மரியாதைக்குச் சொன்னார். செம்மேட்டில் என்னிடம் படித்தவன் ஒருவன் வணக்கம் வைத்தான், பெயர் வரவில்லை. அதில் அதிசயம் இல்லை, முப்பத்து நான்கு ஆண்டு வகுப்பெடுத்தால் பெயர்கள் ஒன்றை ஒன்று இடிக்கும். அரை மணி கழித்துப் பெயர் வந்தது. வந்த பிறகு அது யாருடைய பெயர் என்று தெரியவில்லை. உன் அம்மா விஷயத்தில் இப்படிப்பட்டவற்றை எல்லாம் சிரித்துத் தள்ளியவன் நான். என் விஷயத்தில் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

முதலில் கண்டுபிடித்தது நீதான். அப்போது நீ கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரே போன் பேச்சில் சாப்பிட்டாயா என்று அம்மா நாலு முறை கேட்டாள் என்றாய். தாய் என்றால் அப்படித்தான் கேட்பாள், நாலு முறை கேட்க ஆளில்லாதவர்கள் ஹாஸ்டலில் எத்தனை பேர் என்று உனக்குச் சொற்பொழிவு ஆற்றினேன். "இல்லீங்கப்பா, ஒவ்வொரு வாட்டியும் புதுசாக் கேக்கறாங்க" என்றாய். அந்தச் சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்காமல், நீ போனில் கண்டதையும் படிக்கிறாய் என்றேன். அதே நாட்களில் அவள் கருவாடு வாங்கச் சந்தைக்குப் போய்த் துடைப்பத்தோடு திரும்பினாள். அடுத்த வாரமும் துடைப்பம். வீட்டில் ஏழு துடைப்பம் சேர்ந்தபோது, மலையிலேயே சுத்தமான வீடு நம்முடையது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பிந்திச் சிரித்தாள். அவளுக்கு நான் செய்த வைத்தியம் வல்லாரைத் துவையல். தினமும் செய்தோம். அதை அரைத்தவளும் அவள்தான்.

நீ விடாமல் நச்சரித்ததால் செம்மேட்டில் ஒரு மருத்துவரிடம் காட்டினேன். அவர் ஒரு தாளை எடுத்துக் கேள்விகள் கேட்டார். என்ன கிழமை, என்ன மாதம், எந்த ஊர், எத்தனையாவது மாடி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள், நான் சொல்லும் மூன்று பொருளை ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பச் சொல்லுங்கள், ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்தைக் காட்டுங்கள். அவள் பாதிக்கு மேல் தவறாகச் சொன்னாள். மூன்று வாரம் கழித்து நாமக்கல் மருத்துவரிடம் போகச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த மூன்று வாரத்துக்குள்தான் உன்னைப் பெண் பார்க்க ராசிபுரத்திலிருந்து வந்தார்கள். உன் மாமனார் காபியைக் குடித்துவிட்டு, எல்லா இடத்திலும் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார்: "குடும்பத்துல யாருக்காச்சும் பெரிய நோவு எதாச்சும் உண்டுங்களா?" மலைக்காரர்கள் வீட்டுக்குச் சமவெளியிலிருந்து சம்பந்தம் வருகிறது, பெண்ணின் தாய்க்கு மூளையில் கோளாறு என்றால் அது பெண்ணுக்கும் வருமா என்று அடுத்த கேள்வி வரும். ஒன்றும் இல்லீங்க என்றேன். சொன்ன பிறகு, அதை உண்மையாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். நான் தலைமை ஆசிரியராக இருந்த காலத்தில் ஆய்வுக்கு வரும் அதிகாரி ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பார். பிள்ளைகளை அதே வரிசையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு விடை சொல்லிக்கொடுத்திருந்தேன். தமிழ்நாட்டின் பெரிய ஆறு எது என்பது நான்காவது பையனுக்கு. ஓராண்டு அவர் புதுமையாக, அந்தப் பையனிடம் முதலில் பெயரைக் கேட்டார். அவன் எழுந்து நின்று, "காவிரிங்கய்யா" என்றான். பையன் கூச்ச சுபாவம் என்று குறிப்பெழுதிவிட்டுப் போனார். எங்கள் பள்ளி ஒரு முறையும் ஆய்வில் தோற்றதில்லை. எந்தப் பிள்ளைக்கு என்ன தெரியாது என்பது மட்டும் கடைசி வரை யாருக்கும் தெரியாமல் போனது. அந்தப் பள்ளியின் முறையை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

மூன்று வாரம், காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். கழித்தல் அவளுக்கு வரவில்லை, ஆகவே வாய்ப்பாடு போல ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தேன். நூறு, தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுபத்தொம்பது. கடிகாரம் வரைய உன் பழைய நோட்டுப் புத்தகங்கள் இரண்டு தீர்ந்தன. எல்லாக் கடிகாரத்திலும் மணி பதினொன்று பத்து. மருத்துவர் வியாழக்கிழமைகளில் மட்டும் நாமக்கல் வருகிறவர் என்பதால், கிழமைக்கு விடை வியாழன் என்று முதல் நாளிலிருந்தே சொல்லி வைத்தேன். இன்று திங்களாச்சே என்று அவள் ஒரு தடவை சரியாகச் சொன்னாள். "நீ வியாழன்னு சொல்லு" என்று திருத்தினேன். சரியான விடை சொன்னதற்காக என் ஆசிரிய வாழ்க்கையில் நான் அதட்டிய ஒரே மாணவி உன் அம்மா.

ஒரு நாள் மாலை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏனுங்க, எனக்கு உள்ளார என்னமோ ஆவுதுங்க. சொல்ல வாரப்ப வார்த்தை முன்னாடியே போயிருதுங்க. அடுப்படியில நின்னுக்கிட்டு இது யாரூட்டு அடுப்புன்னு தோணுதுங்க. டாக்டர்கிட்ட அதச் சொல்லட்டுங்களா?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்" என்றேன்.

அவள் நல்ல மாணவி. கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொன்னாள். காரவள்ளிக்கு இறங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வளைவுக்கொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போனேன். பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பி, டீச்சர் வேலைக்கா என்று விசாரித்தார். மருத்துவர் இளைஞர், பொறுமைசாலி. என்னை உன் அம்மாவுக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். முட்டி வலி என்று சொல்லிவிட்டு, எடை பார்க்கும் மிஷினுக்குப் பக்கத்தில், அவருடைய முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

"அம்மா, இன்னைக்கு என்ன கிழமைங்க?"

"வியாழக்கிழமைங்க."

"எந்த ஊர்ல இருக்கறோம்?"

"நாமக்கல்லுங்க. ரெண்டாவது மாடிங்க."

மாடியை அவர் இன்னும் கேட்கவில்லை. "அம்மா என்னைவிட வேகமாப் போறாங்களே" என்று சிரித்தார். கழித்தலை அவள் ராகத்தோடு சொன்னாள். கடிகாரம் அச்சடித்ததுபோல வந்தது. மூன்று பொருளில்தான் சிக்கல். செம்மேட்டு மருத்துவர் மாம்பழம், குடை, நாற்காலி என்றிருந்தார். இவர் பூ, சாவி, பஸ் என்றார். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது அவள் கண் என்னைத் தேடியது. நான் என் தலைக்குப் பின்னால் பூ வைப்பதுபோலக் காட்டினேன், பையிலிருந்து சாவியை எடுத்து ஆட்டினேன், காற்றில் ஸ்டியரிங் திருப்பினேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வயதுக்கேற்ற மறதிதான், கவலைப்பட ஒன்றுமில்லை, எதற்கும் ஆறு மாதம் கழித்துக் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைத்தான் படமெடுத்து உனக்கு அனுப்பினேன். "இனிமேலாவது பயமுறுத்தாமல் இரு" என்று கூடவே ஒரு வரி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்: "ஏனுங்க, நான் பாஸாயிட்டனுங்களா?"

"முதல் மார்க்கு" என்றேன்.

சந்தோஷப்பட்டாள். நாற்பதாவது வளைவு தாண்டியதும், நாம் எங்கே போய்விட்டு வருகிறோம் என்று கேட்டாள்.

உன் கல்யாண வீடியோவை நீ அடிக்கடி போட்டுப் பார்ப்பதாகச் சொல்வாய். அதில் நான் உன் அம்மாவை விட்டு ஓர் அடி நகராமல், அவள் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பேன். இந்த வயதிலும் எவ்வளவு அன்னியோன்யம் என்று உன் மாமியார் மெச்சியதாகவும் சொன்னாய். கண்ணு, அவை பெயர்கள். எதிரே வருகிறவர் யார், அவரை அண்ணன் என்பதா தம்பி என்பதா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்குச் சேலை மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா, "கல்யாணம் யாருக்குங் கண்ணு?" என்று கேட்டாளே, நீ "உங்களுக்குத்தாம்மா" என்று சொல்லி, அறையே சிரித்ததே, அதை நீ இன்றும் அம்மாவின் குறும்பு என்று எல்லோரிடமும் சொல்கிறாய். அது குறும்பு இல்லை. அவள் தெரியாமல்தான் கேட்டாள். நீ சிரித்ததால் அவளும் சிரித்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று உன்னைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அம்மா அம்மாவாக இருந்த கடைசி மாதங்களில் நீ அவளுடன் பேச வேண்டியதைப் பேசியிருப்பாய். உனக்காகத்தான் மறைத்தேன் என்று நீண்ட நாள் எனக்கு நானே சொல்லி வந்தேன். அதில் பாதி உண்மை. மறு பாதி, இந்த மலையில் இத்தனை பேருக்கு எழுத்தறிவித்தவனின் மனைவிக்கு இன்று என்ன கிழமை என்று தெரியவில்லை என்பதை ஊர் அறியக் கூடாது என்பது.

ஆறு மாதம் கழித்துப் போகவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, அவள் நம் வீட்டு வாசலில் நின்று யாருங்க வீட்டில் என்று கூப்பிட்ட பிறகுதான் போனேன். இந்த முறை விடைகள் எதுவும் உதவவில்லை. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி மருத்துவர் எனக்கு விளக்கினார். வயதானால் எல்லோருடைய மூளையும் கொஞ்சம் சுருங்கும், ஆனால் உயிரணுக்களில் பெரும்பாலானவை இருக்கும், அவற்றுக்கு இடையேயான இணைப்புகள்தான் மெலிந்து பேச்சுவார்த்தை தாமதமாகும் என்றார். உன் அம்மாவுக்கு நடப்பது அதுவல்ல. உயிரணுக்களுக்கு வெளியே ஒரு புரதம் கட்டி கட்டியாகப் படிகிறது, உள்ளே இன்னொரு புரதம் நூலாக முறுக்கிக்கொள்கிறது. அன்றாட நிகழ்ச்சிகளைப் பதிந்துகொள்ளும் பகுதி, கடல்குதிரை வடிவில் உள்ளது, அங்கேதான் முதலில் அழிவு தெரிகிறதாம். ஒரு பாதை அடைபட்டால் மூளை வேறு பாதையில் சுற்றிக்கொண்டு போகும். காரவள்ளி வழி மண் சரிந்தால் நாம் முள்ளுக்குறிச்சி வழியாகப் போகிறோமே, அப்படி. அதனால்தான் வெளியே தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகிறது. உள்ளே எந்த ரோடு போயிற்று என்பது, ஊருக்கு எப்படியோ வந்து சேர்கிறவரை யாருக்கும் தெரிவதில்லை.

அவர் சொன்னதில் ஒன்று என்னை விட்டுப் போகவில்லை. அணுக்கள் நேராக மௌனமாகிவிடுவதில்லையாம். தொடக்கத்தில் அந்தப் புரதப் படிவுக்கு அருகே உள்ள சில அணுக்கள் தேவைக்கு மேல் துடிக்கின்றன, ஓயாமல் செய்தி அனுப்புகின்றன, அதன் பிறகுதான் அடங்குகின்றன. எலிகளிடம் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள், சில மனிதர்களிடமும் அதற்கு அறிகுறி உண்டு என்றார். எங்கள் வீட்டு ஏழு துடைப்பமும் அந்தத் துடிப்பால்தானா என்று கேட்டேன். அப்படி ஒரு துடைப்பத்தை ஓர் அணுவோடு முடிச்சுப்போட முடியாது என்று கண்ணியமாகச் சொன்னார். ஆனாலும் எனக்கு வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. வாத்தியார் வெளியே போனதும் முதலில் கிளம்பும் இரைச்சலைத் தூரத்திலிருந்து கேட்டு, அங்கே பாடம் பலமாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்ட தலைமை ஆசிரியர் நான். அவள் ஓயாமல் நடந்ததையும் ஓயாமல் கேட்டதையும் ஆரோக்கியம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலிலேயே தெரிந்திருந்தால் குணமாகியிருக்குமா என்று கேட்டேன். குணமாகாது, சிலருக்கு மருந்து கொஞ்ச காலம் கை கொடுக்கும், உங்கள் மனைவிக்குக் கொடுத்திருக்குமா என்று சொல்ல முடியாது என்றார். பிறகு, "அப்பவே தெரிஞ்சிருந்தா அவங்ககிட்டயே பேசியிருக்கலாங்க. என்ன வேணும், எங்க இருக்கோணும், யாரு பாத்துக்கோணும்னு அவங்களே சொல்லியிருப்பாங்க. இப்ப உங்ககிட்டத்தான் பேச வேண்டியிருக்குது" என்றார். பழைய கோப்பைப் புரட்டி, அன்று தான் ஏதோ தவறவிட்டிருக்க வேண்டும் என்று அவர் வருத்தப்பட்டார். அந்தப் பிள்ளை தன் திறமையைச் சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வியாழக்கிழமை அவரிடமும் இதைச் சொல்லப் போகிறேன்.

இப்போது உன் அம்மாவிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாய், பரவாயில்லை என்று சொல்லி வைக்கிறேன். சரியாகச் சொல்கிறேன். விரலுக்கு மிளகு உதிர்க்கத் தெரிகிறது. அந்தப் பழக்கம் மூளையில் வேறு இடத்தில் இருக்கிறதாம், அழிவு அங்கே கடைசியில்தான் போகும். என் பெயர் தெரியாது, சில நாள் என்னை வாத்தியாரே என்று கூப்பிடுகிறாள், அது பொய்யும் இல்லை. உன் படத்தைக் காட்டினால் நல்ல புள்ளைங்க என்கிறாள். ஆனால் நூறு என்று யாராவது சொன்னால் போதும், தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு என்று ராகம் குறையாமல் இறங்கி வருகிறாள். எந்த நாள் எந்த நேரம் கேட்டாலும் வியாழக்கிழமைங்க என்று தயங்காமல் சொல்கிறாள். முகத்தில் முதல் மார்க் வாங்கிய பெருமை. இடம் குறைந்துகொண்டே வந்த ஒரு மூளைக்குள், மூன்று வாரம், நாளுக்கு இரண்டு மணி நேரம் நான் உட்கார்ந்து ஏற்றி வைத்த சரக்கு இது. அதே மூன்று வாரத்தில் உன் பெயரைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். எனக்கும் அதுதான் என்று தெரிந்தால், நீ லீவு போட்டு என்னுடன் மருத்துவரிடம் வருவாய், எனக்குத் தெரியும். அவர் காட்டும் நாற்காலியில் உட்கார். விடை தெரியாதபோது நான் திரும்பி உன் முகத்தைப் பார்ப்பேன். நீ சுவரைப் பார். வெளியே வந்து நான் பாஸா என்று கேட்டால், உண்மையைச் சொல். மாப்பிள்ளையிடமும் உன் மாமியாரிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டுவதா வேண்டாமா என்பது உன் முடிவு. நான் அதில் தலையிடும் தகுதியை இழந்தவன். உன் அம்மா மிளகு உதிர்க்கும்வரை அவளை இந்த மலையிலேயே வைத்திரு. என்னை எங்கே வைத்தாலும் சரி, ஆனால் வைப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேள். எனக்குப் புரிகிற காலத்திலேயே கேள். கேட்டதற்கு மேலும் நான் எதையாவது சொல்ல வந்தால், கொஞ்சம் பொறுத்திருந்து அதையும் கேட்டுக்கொள்.

மேலே உள்ளதை எழுதி முடித்துச் சில நாட்கள் ஆகின்றன. நாமக்கல் போய்விட்டு வந்தேன், அதை எழுதிக் கடிதத்தை முடிக்கிறேன். காலையில் எழுந்தபோது மூன்று பகல் போனதா நான்கா என்பதில் சிறிய கருத்து வேறுபாடு எனக்கும் எனக்கும் ஏற்பட்டது. நடுவில் ஒரு நாள் முழுக்க மழை பெய்து, விடிந்ததும் இருட்டியதும் ஒன்றாகவே தெரிந்தது. செல்லம்மாளிடம் கேட்டேன்.

"நீங்கதானுங்க சார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னீங்க. நான் சொல்ல மாட்டனுங்க. பரீட்சைன்னா பரீட்சைதான்."

உன் அம்மா மிளகுத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். இன்று என்ன கிழமை என்று அவளிடம் கேட்டேன். வியாழக்கிழமைங்க என்றாள். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். வழியில் யாரிடமும் பேச்சுக் கொடுக்கவில்லை, கடைப் பலகைகளைக்கூடப் பார்க்காமல் இறங்கினேன். இரண்டாவது மாடியில் சீட்டு எழுதும் பெண், டாக்டர் நேற்றே வந்துவிட்டுப் போய்விட்டார், இன்று வெள்ளிக்கிழமை என்றாள். அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டை இந்தக் கடிதத்தோடு உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

அப்பா